மாப்பிள்ளையிடம் வீசிய சொல்

இங்கிலீஷ் வினைச்சொற்களை ஒப்பிக்கச் சொல்லிப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைக்கிற வாத்தியார்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நான் வேலையிலிருந்து ஓய்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கோபம் மட்டும் இன்னும் ஓய்வு வாங்கவில்லை. தெருவில் போகும்போது ஏதாவது பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக, ‘கோ வெண்ட் கான், கம் கேம் கம்’ என்று நாற்பது தொண்டைகள் ஒன்றாக இழுப்பது காதில் விழுந்தால், உள்ளே போய் அந்த வாத்தியார் கையிலிருக்கிற பிரம்பைப் பிடுங்கி ஒடித்துப் போடலாமா என்றிருக்கும். ஒடித்ததில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பொருமிக்கொண்டிருப்பேன்.

அந்த இராகத்தில் படித்தவள்தான் நானும். காளையார்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. அப்பா வாத்தியார், அவருடைய அப்பாவும் வாத்தியார். வாய்ப்பாட்டை எப்படி நெட்டுருப் போட்டோமோ அப்படியே இங்கிலீஷையும் போட்டோம். நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டால் வராது. முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளைக்கார அம்மாள் பள்ளியைப் பார்க்க வந்து, “நேற்று என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டபோது, நான் ‘கோ வெண்ட் கான்’ என்று ஆரம்பித்தேன். சாப்பாட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த அம்மாள் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். நூறு சொல் தெரிந்த எனக்கு, இட்லி தின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. அப்போது வந்த ஆத்திரம்தான் பிற்பாடு என்னை டீச்சராக்கியது என்று நினைக்கிறேன்.

இங்கிலீஷில் பெரும்பாலான வினைச்சொற்கள் சாது. நேற்று நடந்தது என்று சொல்ல வாலில் ஒரு சின்ன ஒட்டு ஒட்டினால் போதும். அடங்காதவை கொஞ்சம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்த அடங்காதவைதான் தினமும் வாயில் புழங்குகிறவை. போ, வா, தின், குடி, எடு, கொடு, கொண்டுவா. பரணில் கிடக்கிற அண்டா நெளியாமல் இருக்கும். தினமும் கிணற்றடிக்குப் போய்வருகிற செம்பு நசுங்கியிருக்கும். அதேபோலத்தான் இதுவும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவேன். புழங்கித்தான் நசுங்கியது, அதனால் புழங்கித்தான் அதைப் பழக வேண்டும். இதில் ஒப்பிக்க என்ன இருக்கிறது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், பள்ளத்தூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. செட்டியார் வீட்டார் ஒருவர் தங்களுடைய பழைய வீட்டின் முன்கட்டைப் பள்ளிக்கு விட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புவரை உண்டு. எட்டாம் வகுப்பில் மொத்தம் மூன்று பேர். தபாலாபீஸ்காரர் மகள் ஒருத்தி, சமையல்காரர் மகள் ஒருத்தி, செட்டியார் வீட்டுப் பெண் ஒருத்தி.

என் வகுப்பில் இராகம் கிடையாது. ஒருத்தி எழுந்து ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதை வைத்து, நேற்றுத் தன் வீட்டில் நடந்த ஒன்றை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் அவளுக்கு ஓர் உரிமை உண்டு. எதிரே இருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் ஒரு சொல்லை வீசலாம். வாங்கினவள் தப்பாகச் சொன்னால், வீசினவளே சரியானதைச் சொல்லிக்கொடுப்பாள். மற்றவள் அதை மூன்று முறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். எனக்கும் விலக்கில்லை. என்னிடமும் வீசுவார்கள். இதனால் எனக்கு ஊர்ச்செய்தி முழுவதும் இங்கிலீஷிலேயே வந்து சேர்ந்தது. யார் வீட்டுப் பசு யார் வீட்டு வைக்கோலைத் தின்றது, எந்த அத்தை எந்தச் சித்தியோடு பேச்சை நிறுத்தினாள், எல்லாம்.

செட்டியார் வீட்டுப் பெண்ணுக்குப் பதினாலு வயது. அவளுடைய அப்பா, அவர்கள் பேச்சில் அப்பச்சி, பர்மாவில் மோல்மீனில் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அதிகாரம் அம்மா கையில். ஊரெல்லாம் அவரை ஆச்சி என்போம். பெண்ணோ படு அழுத்தக்காரி. கணக்குப் பரீட்சையில் நான் கை தவறிக் கூடுதலாகப் போட்டுவிட்ட மார்க்கைத் திருப்பிக் கொண்டுவந்து, “இது என்னுது இல்ல டீச்சர், அழிச்சிருங்க” என்று தாளை நீட்டியவள். எனக்கே அன்று கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. போனால் போகட்டும் என்று விடுகிற புத்தியே அவளிடம் இல்லை.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. எட்டாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சையை எழுதி, தேறிய சான்றிதழ் வாங்க வேண்டும். உத்தியோகத்துக்குப் போகப் போகிறாளா, மேலே படிக்கப் போகிறாளா, இரண்டும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். “அப்புறம் எதுக்குடி உனக்கு அது?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எங்க வீட்டுல அம்புட்டுப் பாத்திரத்துலயும் என் பேர வெட்டியாச்சு டீச்சர். அதெல்லாம் அப்பச்சி வாங்குனது. நானா வாங்குனதுன்னு என் பேர் போட்டு ஒண்ணு வேணும்” என்றாள்.

இதற்குமேல் ஒரு டீச்சருக்கு என்ன வேண்டும்? அவளைப் பரீட்சைக்கு அனுப்பாமல் விடுவதில்லை என்று நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். பரீட்சை காரைக்குடியில், பங்குனி மாதம்.

மாசியில் ஆச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கொத்தமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளை ரங்கூனில் மூன்று வருஷம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அந்த வீட்டார் இங்கிலீஷ் தெரிந்த பெண்ணாகத் தேடுகிறார்கள்.

“டீச்சரம்மா, நம்ம புள்ளைக்கு அந்தக் கோ வெண்ட் கான தலகீழா வரணும். ஒரு இடத்துல தெத்தக் கூடாது. அவுக வாரப்ப பாட்டுப் பாடுற மாதிரி ஒப்பிச்சிறணும்” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால், பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை நடுக் கூடத்தில் பரப்பிவைப்பது வழக்கம். வெள்ளி, பித்தளை, ஈயம் பூசியது, சீமையிலிருந்து வந்த பூப்போட்ட எனாமல் தூக்கு, எல்லாம் வரிசை வரிசையாக இருக்கும். வருகிறவர்கள் நடந்து பார்த்துக்கொண்டே போவார்கள். பாதி சாமான் பிற்பாடு அடுப்படியையே காணாது. நான் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷையும் அந்தப் பரப்பில் ஓர் ஓரமாக வைக்கப் போகிறார்கள் என்று தோன்றியது. அவள் பேசட்டும் என்று ஒரு வார்த்தை அவர்கள் கேட்டிருந்தால் நான் இப்படி எரிந்திருக்க மாட்டேன்.

“ஆச்சி, ஒப்பிக்கிறது இங்கிலீஷ் இல்லை. அதை நான் சொல்லிக்கொடுக்கிறதும் இல்லை” என்றேன்.

“எதுவோ ஒண்ணு. நீங்களும் கூட வந்து இருங்க. நம்ம டீச்சருன்னு காமிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். என் எரிச்சல் அவருக்குக் கொசுக்கடி அளவுக்குக்கூட உறைக்கவில்லை. கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்பது தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை.

அந்தக் காலையில் கூடத்தில் பவானி ஜமக்காளம் விரித்து ஆண்களை ஒரு பக்கம் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளைக்கு இருபது வயதிருக்கும். நல்ல முகம்தான், குறை சொல்ல முடியாது. அவருடைய பெரியப்பச்சி பக்கத்தில் இருந்தார், பேச்செல்லாம் அவர்தான். பெண்கள் எதிர்ப்பக்கம். ஒரு தூணோரமாக என்னையும் உட்காரவைத்திருந்தார்கள்.

பெண் வந்து விழுந்து கும்பிட்டு எழுந்தாள். “இங்கிலீசுல என்னமோ படிப்பாளாமே, கேப்பமா?” என்றார் பெரியப்பச்சி. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, இராகம் இல்லாமல், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். இருபது சொல் இருக்கும். ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசிச் சொல்லை வைத்து, நேற்று எங்கள் வீட்டுக்கு மோல்மீனிலிருந்து கடிதம் வந்தது என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியமும் சொன்னாள். யாருக்கும் புரியவில்லை. எல்லாருக்கும் பிடித்திருந்தது. பெரியப்பச்சி தலையை ஆட்டிக்கொண்டே, “பலே” என்றார். ஆச்சியின் முகம் மலர்ந்துவிட்டது.

அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் என் வகுப்பில் இரண்டு வருஷம் படித்தவள். சரியாகச் சொல்லி முடித்தாயிற்று, உரிமை வந்தாயிற்று, எதிரே ஆள் இருக்கிறார். பழக்க தோஷம். நேரே மாப்பிள்ளையைப் பார்த்து, “ப்ரிங்” என்று வீசினாள். கொண்டுவா என்பதற்கு இங்கிலீஷ் அது.

அவருக்கு எப்படிப் புரிந்ததோ, கேட்கிறாள் என்பது மட்டும் புரிந்துவிட்டது. பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம், சிரித்து மழுப்பியிருக்கலாம். பெரியப்பச்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, “ப்ரிங், ப்ராங், ப்ரங்” என்றார்.

தப்பு. ஆனால் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. பாடு என்பதற்கான சொல் அப்படித்தான் மாறும். அதைப் போலவே இதையும் மாற்றிவிட்டார், புத்தியுள்ள யாரும் முதல் தடவை அப்படித்தான் சொல்லுவார்கள். இதே இடத்தில் நானும் அடி வாங்கியிருக்கிறேன். அவளுக்கு அது தெரியும். கேலியாக ஒரு சுழிப்புக்கூட அவள் முகத்தில் இல்லை. வகுப்பில் செய்வதைத்தான் செய்தாள். “ப்ரிங், ப்ராட், ப்ராட்” என்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர் மூன்று முறை திருப்பிச் சொல்லுவதற்காகக் காத்து நின்றாள்.

பெண்கள் பக்கத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மாப்பிள்ளையின் காதுமடல் சிவந்தது. பெரியப்பச்சிக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாது, ஆனால் தன் வீட்டுப் பிள்ளை எல்லாருக்கும் முன்னால் திருத்தப்பட்டது தெரிந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“டீச்சரம்மா, இங்குட்டு நீங்கதான் படிச்சவுக. எது சரின்னு சொல்லுங்க” என்றார்.

ஆச்சி எப்போது எழுந்து வந்தாரோ, என் தோளோரம் இருந்தார். குரலை அடக்கி, “இத மட்டும் காப்பாத்திக் குடுத்துருங்க. பரிச்சைக்கு நானே வண்டி கட்டி அனுப்பி வைக்கிறேன். என் புள்ள மேல சத்தியம்” என்றார்.

இப்போது நினைத்தால் எனக்கு யார் மேல் முதலில் கோபம் வருகிறது என்று கேட்டால், அந்த மாப்பிள்ளை மேல்தான். அவருக்குத் தெரியும், தான் குத்துமதிப்பாகச் சொன்னது என்று. “மறந்துட்டேன், அவுக சொன்னதுதான் சரி” என்று ஒரு வார்த்தை. பதினாலு வயதுப் பெண்ணுக்கு அதைக் கொடுப்பதால் அவருக்கு என்ன குறைந்துவிடும்? ரங்கூன் கப்பல் கவிழ்ந்துவிடுமா? ஜமக்காளத்தில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். அவ்வளவு ஆண்களும் அவருக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று தெரியவில்லை என்பதைப் பொறுக்கமுடியாத மனிதர்கள், இங்கிலீஷ் தெரிந்த பெண் வேண்டும் என்று ஊர் ஊராய்த் தேடிக்கொண்டு வருகிறார்கள். என்ன திமிர்.

நான் சொன்னேன். “ரெண்டும் சரிதான். ரங்கூன் பக்கம் அப்படியும் சொல்லுவாங்க.”

“அதான பாத்தேன்” என்றார் பெரியப்பச்சி. மாப்பிள்ளை நிமிர்ந்து, “ஆமா, அங்குட்டு அப்படித்தான்” என்றார். கூடத்தில் மூச்சு வந்தது. பலகாரத் தட்டு வந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்க்கப் பேச்சு எழுந்தது. பெண் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் இந்தப் பொய்யை ஒப்புக்கொண்டேன். பரிகாரமாக, மாதாவுக்கான அருள் நிறைந்த மந்திரத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். அவ்வளவுதானா என்று எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. மந்திரத்தைச் சொல்லி முடித்து, ஒரு பெண்ணின் பரீட்சையைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

நிச்சயமான பெண் வீதியில் நடக்கக் கூடாதென்று அவளை அதன்பிறகு பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. சமையல்காரர் மகளிடம் பாடத்தை எழுதிக் கொடுத்தனுப்பினேன். பதில் ஒன்றும் வரவில்லை. எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது, ஆச்சி ஏமாற்றப் போகிறார் என்று. நாள் நெருங்க நெருங்க என் கொதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. நடக்கும்போது, குளிக்கும்போது, சோற்றைப் பிசையும்போது எல்லாம் ஆச்சியோடு மனசுக்குள் சண்டை போட்டேன். பிள்ளை மேல் சத்தியம் செய்தீர்களே, வெட்கமாயில்லையா என்று கேட்க வேண்டும். அந்தக் கூடத்தில் நின்று, தெருவே கேட்கக் கேட்க வேண்டும். வேலை போனால் போகட்டும்.

பரீட்சை அன்று விடிந்ததும் மற்ற இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். சண்டைக்கு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு போனவள்தான்.

வாசலில் வில்வண்டி கட்டி நின்றது. மாட்டுக்கு மணிகூடக் கட்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து ஆச்சி கையில் தூக்குச்சட்டியோடு வந்தார். “மூணு பேருக்கும் புளிச்சோறு கட்டிருக்கேன் டீச்சரம்மா. நான் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன். இவதான் வரமாட்டேங்குறா. என்னன்னு கேளுங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் கொண்டுபோன சண்டை எல்லாம் கையிலேயே நின்றுபோயிற்று.

கூடத்தில் மாப்பிள்ளையின் அத்தை உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாணச் சாமான்களைப் பார்ப்பதற்காக முதல்நாளே வந்திருந்தாராம். பெண் தலை பின்னி, பூ வைத்து, புறப்படத் தயாராகத்தான் இருந்தாள்.

“ஏண்டி, வண்டி நிக்குது, என்ன அடம் இது?” என்றேன்.

“ரெண்டும் சரின்னு சொன்னீக டீச்சர். நான் ஒண்ண எழுதி, தெரியாதவ ஒருத்தி இன்னொண்ண எழுதுனா, ரெண்டு பேருக்கும் மார்க்கு உண்டா?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“கிடையாது. அது வேற, இது வேற” என்று குரலைத் தாழ்த்தினேன். “உனக்குத் தெரியாதா? அன்னைக்கு நான் சொன்னது பொய்.”

“எனக்குத் தெரியும். இங்க யாருக்கும் தெரியாது.” அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “இந்தக் கூடத்துலதான சொன்னீக. இங்கயே சத்தமாச் சொல்லிருங்க டீச்சர், நான் சொன்னதுதான் சரின்னு. இப்பமே வண்டி ஏறுறேன்.”

மாப்பிள்ளையின் அத்தை இட்லியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆச்சி தூக்குச்சட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையைக்கூட அவர் ஆட்டவில்லை, பார்த்தார். இந்த அத்தை போய்ச் சொன்னால் என்னாகும், கல்யாணம் நின்றால் பழி யார் மேல் விழும், வாயாடி என்று பெயரெடுத்த பெண்ணை அப்புறம் யார் கட்டுவார்கள் என்று என் புத்தி ஓடிற்று. எல்லாம் அவள் நல்லதுக்குத்தான் என்றும் ஓடிற்று. அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை பேர் எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சண்டை பிடித்தவள் நான்.

வண்டிக்காரர் வெளியேயிருந்து இரண்டு முறை குரல் கொடுத்தார். மற்ற இரண்டு பெண்களும் வாசலில் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு தலையிலிருந்த பூவை எடுத்து ஆச்சியிடம் கொடுத்துவிட்டு உள்கட்டுக்குப் போய்விட்டாள்.

‘ரெண்டும் சரி’ என்று அன்றைக்குச் சொல்ல எனக்கு ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. ஒன்றுதான் சரி என்று நான் சொல்லுவேன் என அந்தப் பெண் கால் மணி நேரம் நின்றாள். நான் சொல்லவில்லை.